டாக்டருக்கு இன்டர்வியூ காய்ச்சல்

குடும்ப டாக்டர் தொழில்ல ஒரே ஒரு சுகம் உண்டு: பயம் எப்பவும் மேஜைக்கு அந்தப் பக்கம்தான் உக்காந்திருக்கும். இருமிக்கிட்டு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, மடியில ஒரு குழந்தையை வச்சுக்கிட்டு அது உக்காந்திருக்கும். நாம இந்தப் பக்கம் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கிட்டு "ஒண்ணுமில்ல, சரியாயிரும்"னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுரலாம்.

தாராவியில இருபது வருஷத்துக்கு மேல நான் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். குழந்தைக்கும் நான்தான், குழந்தையோட தாத்தாவுக்கும் நான்தான். ஒரு நாள் கிளினிக் இருந்த கட்டடத்தை இடிச்சுப் புதுசா கட்டப் போறதாச் சொல்லிட்டாங்க. மழைக்காலம் முடிஞ்சதும் காலி பண்ணணும். அதே சமயத்துல செம்பூர்ல ஒரு ஆஸ்பத்திரியில, குழந்தைங்களையும் பெரியவங்களையும் சேர்த்துப் பாக்க டாக்டர் வேணும்னு விளம்பரம் வந்துச்சு. அது கிடைச்சா என் பேஷண்டுங்க ஒரு பஸ் பிடிச்சு வந்துருவாங்க. கிடைக்கலன்னா மும்பைக்கு வெளிய, ரொம்பத் தூரத்துல இருக்கிற உல்லாஸ்நகர்ல என் மச்சான் பாத்து வச்சிருக்கிற கடையில, என் மூஞ்சி தெரியாத ஜனங்களுக்கு நடுவுல, புதுசா போர்டு மாட்டிக்கிட்டு ஈ ஓட்டணும். அம்பதை நெருங்குற வயசு. வாழ்க்கையில முதல் இன்டர்வியூ. தலை நரைச்சப்புறம் வேலைக்கு அப்ளை பண்ணின சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்றேன். மத்தவங்க சிரிச்சுக்குங்க.

எனக்கு இருக்கிற ஒரு வியாதியையும் சொல்லிடணும். நான் மிமிக்ரி பண்றவன். தொழிலுக்கு அது ஒத்தாசைதான். குழந்தை எப்படி இருமுதுன்னு அம்மாக்களுக்குச் சொல்லத் தெரியாது. நான் தினுசு தினுசா இருமிக் காட்டுவேன், "ஆங், அந்த நாய் குரைக்கிற மாதிரி இருமுனீங்களே, அதான் டாக்டர்!"னு கையைக் காட்டுவாங்க. ஆனா பயந்துட்டா நான் மிமிக்ரி பண்றதில்ல, அதுவா நடக்கும். எதிர்ல இருக்கிறவங்க குரல் என் தொண்டைக்குள்ள ஏறி உக்காந்துக்கும். டிராஃபிக் போலீஸ்காரர் அதட்டினப்போ அவர் குரல்லயே "சாரி சாப்"னு சொல்லி, ரெண்டு மடங்கு வாங்கிக் கட்டிக்கிட்டவன் நான்.

சமையல்கட்டு வழியா வந்த கேண்டிடேட்

என் சம்சாரம் உமா மாட்டுங்கா பொண்ணு. அந்தேரியில ஒரு கம்பெனியில ஹெச்.ஆர். நாள் பூரா ஆளுங்களை இன்டர்வியூ பண்ணி அனுப்புறதுதான் அவ வேலை. வீட்லயே ஆள் இருக்கும்போது நமக்கென்ன கவலைன்னு பயிற்சி கொடுக்கச் சொன்னேன். அவ சாப்பாட்டு மேஜைக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டு, என்னைச் சமையல்கட்டுலேருந்து கதவைத் தட்டிட்டு வரச் சொன்னா. வந்தேன். இத்தனை வருஷம் என்கூடக் குடித்தனம் பண்ணினவ, யாரோ ஸ்டேஷன்ல வழி கேக்க வந்தவனைப் பாக்குற மாதிரி ஒரு பார்வை பாத்தா.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க"ன்னா. நான் பதறிப் போய்ப் பழக்கதோஷத்துல "எத்தனை நாளா இருக்கு?"ன்னு கேட்டுட்டேன். "உங்ககிட்ட இருக்கிற பலவீனம் என்ன?"ன்னா. "மாடி ஏறினா முட்டி வலிக்கும்"னேன். கடைசியில "எங்க ஆஸ்பத்திரிக்கு ஏன் வர்றீங்க?"ன்னு கேட்டா. அதுக்கு நல்ல பதில் வச்சிருந்தேன், நல்லாவும் சொன்னேன். ஆனா அவ குரல்லயே சொல்லியிருக்கேன். அவளை மாதிரியே கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டு வேற. உமா பேனாவை மூடி வச்சா.

"தேங்க் யூ சார், செலக்ட் ஆனா நாங்களே கூப்பிடுவோம், இப்ப போய் தட்டு எடுத்து வைங்க."

எஸ்தர் அக்காவோட ரகசியம்

கிளினிக்ல மருந்து எடுத்துக் கொடுக்கிறது எஸ்தர் அக்கா. தூத்துக்குடிப் பக்கத்துக்காரங்க. நான் காலேஜ் முடிச்ச ஈரம் காயாம கிளினிக் திறந்த நாள்லேருந்து கூட இருக்காங்க. அவங்ககிட்ட மட்டும் இன்டர்வியூ விஷயத்தைச் சொல்லி, வெளியில மூச்சு விடக் கூடாதுன்னேன். அவங்க மூச்சு விடல. ஜெபம் பண்ணினாங்க. கிளினிக் திறந்ததும் பெஞ்ச் நிறைய பேஷண்ட் உக்காந்திருக்க, கண்ணை மூடிக்கிட்டு, "ஆண்டவரே, எங்க டாக்டரய்யாவுக்குச் செம்பூர் ஆஸ்பத்திரிக்காரங்க கண்ணுல தயவு கிடைக்கணும், அவரு வாய் குழறாம இருக்கணும்"னு சத்தமா. நான் உள்ளேருந்து கேட்டுக்கிட்டே இருந்தேன்.

அதுக்கப்புறம் எனக்கு நிம்மதியா ஒரு காய்ச்சல் கேஸ் பாக்க முடியல. நாக்கை நீட்டச் சொன்னா, நீட்டுறதுக்கு முன்னாடி "ஃபைனல் ஆயிருச்சா டாக்டர்?"னு கேக்குறாங்க. தோத்துட்டா தாராவி முழுக்கத் தெரிஞ்சு போகும். ஜெயிச்சா எல்லாரையும் விட்டுட்டு ஓடினவன்னு பேர் வரும். இட்லி விக்கிற பேச்சியம்மா பிரஷர் பாக்க வந்தாங்க. நான் பட்டையைச் சுத்தி அமுக்கிக்கிட்டு இருக்கும்போது, என் கையைத் தடவிக் கொடுத்துக்கிட்டே சொன்னாங்க:

"கோவிச்சுக்கிடாதிய டாக்டரே, எஸ்தரு நீங்க பாஸாவணும்னு ஜெபம் பண்ணுதா, நான், நீங்க ஃபெயிலாயி இங்கனயே இருக்கணும்னு அம்மனுக்கு வேண்டியிருக்கேன், எல்லாம் உங்க மேல உள்ள பிரியத்துலதான்."

காய்ச்சலுக்கு ஏழு பேர்

உமா ஒரு யோசனை சொன்னா: "பேஷண்ட் பாக்கும்போது மனசுக்குள்ள இருக்கிறதை வாய் விட்டுச் சொல்லுங்க, பழகிரும்." இன்டர்வியூவுல கேள்வி கேக்குறவங்க, காய்ச்சல்னா என்னென்ன காரணம் இருக்கலாம்னு வரிசையாச் சொல்லச் சொல்வாங்களாம். நான் இருபது வருஷமா வரிசையே சொன்னதில்ல. கையை வச்சுப் பாப்பேன், கண்ணைப் பாப்பேன், எதுன்னு தெரியும், எழுதிக் கொடுப்பேன். எப்படித் தெரிஞ்சுச்சுன்னு யாராவது கேட்டா, அங்கதான் எனக்கு வேர்க்கும்.

தோல் பை தைக்கிற இசக்கிமுத்து காய்ச்சல்னு வந்தார். சரி, இவர்கிட்ட ஆரம்பிப்போம்னு நிமிந்து உக்காந்து, மலேரியா, டெங்கு, டைஃபாய்டு, எலிக் காய்ச்சல், சாதா வைரல், யூரின் இன்ஃபெக்‌ஷன், டிபின்னு இங்கிலீஷ்ல விளக்கத்தோட அடுக்கிட்டேன். தடுமாறவே இல்ல. எனக்கே பெருமையா இருந்துச்சு. நிமிந்து பாத்தா, மனுஷன் சட்டை பட்டனைப் போடவும் மறந்து, சுவத்துல சாய்ஞ்சு கண்ணுல தண்ணியோட உக்காந்திருக்கார். ரெண்டு விரல்ல நெத்தியைத் தொட்டுப் பாத்துட்டு, மெல்ல என் பக்கம் குனிஞ்சார்.

"டாக்டரே, அதுல எது எனக்குத் தோதா இருக்கோ அதுக்கு மட்டும் இப்ப மருந்து எழுதுங்க, மத்ததை ஊருக்குப் போயிட்டு வந்து வச்சுக்கிடுதேன்."

மூணு டாக்டருங்க வந்திருந்த நாள்

இன்டர்வியூ நெருங்க நெருங்க சோறு இறங்கல. கனவுல என் ஸ்டெதாஸ்கோப்பை நாயி தூக்கிட்டு ஓடுது. பயத்தை மிரட்ட ஒரு வழி கண்டுபிடிச்சேன். மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிட்டு, கேள்வி கேக்க மூணு பேர் இருப்பாங்கன்னு உமா சொல்லியிருந்தா, அந்த மூணு பேரையும் குரல் மாத்தி நானே பண்ணிப் பாத்தேன். ஒருத்தர் கட்டைக் குரல், எதைச் சொன்னாலும் "நான்சென்ஸ்"ங்கிற ஆள். ஒரு அம்மா, ஊசி மாதிரிக் குரல். இன்னொருத்தர் பேசுறதுக்கு முன்னாடி தொண்டையைக் கனைச்சுக்கிட்டே இருக்கிறவர். மூணு பேரும் என்னைப் பிச்சுப் போட்டாங்க. "இவ்வளவு சின்ன விஷயம் தெரியாதா? நீயெல்லாம் குழந்தைக்கு மருந்து எழுதுறியா?"ன்னு கட்டைக் குரல் கத்தினதுல, எனக்கு நானே பண்றதுன்னு தெரிஞ்சும் "சாரி சார்"னு எழுந்து நின்னுட்டேன்.

ஷட்டரைத் தூக்கினா வெளியில ஒரே கூட்டம். ஏதோ பெரிய ஆஸ்பத்திரியிலேருந்து மூணு ஸ்பெஷலிஸ்ட் வந்து உள்ள உக்காந்திருக்காங்கன்னு பேச்சு பரவிருச்சு. பக்கத்துச் சால் வரிசை வீடுகள்ல இருந்தவங்க எல்லாம் பழைய எக்ஸ்ரேவைத் தூக்கிட்டு வந்துட்டாங்க. நான் "யாருமில்ல, நான் மட்டும்தான்"னு சொல்லச் சொல்ல, என் தோளுக்கு மேல எட்டி எட்டிப் பாக்குறாங்க. எனக்கு ரொம்ப வருஷப் பழக்கமான ஒரு பெரியவர், சக்கரை நோயாளி, என்னை லேசாக் கையால ஒதுக்கி விட்டுட்டு உள்ள நுழைஞ்சார்.

"உங்கள எப்பவும்தான் பாக்கேனே, அந்தக் கட்டைக் குரல்காரரைக் கூப்பிடுங்க, என்னமா கோவப்படுதாரு, அவருதான் நல்லாப் பாப்பாரு."

வாசல்ல நின்னவர்

இது சிரிக்கிற விஷயமில்ல. இன்டர்வியூவுக்கு ரெண்டு நாள் முன்னாடி நடந்தது. ஒரு அம்மா, இடுப்புல சளி பிடிச்ச குழந்தை. குழந்தை கிளினிக்கே இடியற மாதிரி அழுதுச்சு. நான் குழந்தைங்க மருந்து அளவை மனப்பாடம் பண்ணிக்கிட்டிருந்த நேரம். மனசு பாதி அதுலதான் இருந்துச்சு. குழந்தையைப் பாத்தேன், மூக்கு ஒழுகல், வேற ஒண்ணுமில்ல. எழுதப் போகும்போது வாசலைப் பாத்தேன். குழந்தையோட அப்பா நிலைப்படியில சாய்ஞ்சு நிக்கிறார். ஃபேன் ஓடுது, ஆனா அவர் சட்டை நனைஞ்சு ஒட்டியிருக்கு. "என்ன ஆச்சு உங்களுக்கு?"ன்னேன். "ஒண்ணுமில்ல டாக்டர், கேஸு. வடாபாவ் சாப்பிட்டேன்"னு தாடையைத் தடவினார். வேர்வை, தாடை வலி: இது கேஸ் இல்ல, ஹார்ட் அட்டாக்.

ஆஸ்பிரினை வாயில போட்டு மென்னு முழுங்கச் சொன்னேன். எங்க கல்லி ஒடுங்கின சந்து, ஆம்புலன்ஸ் உள்ள நுழையாது. பிளாஸ்டிக் நாற்காலியில உக்கார வச்சு, பக்கத்துப் பட்டறை ஆளுங்க நாலு பேர் மெயின் ரோடு வரைக்கும் தூக்கிட்டு வந்தாங்க. நான் அவர் மணிக்கட்டைப் பிடிச்சபடி கூடவே ஓடினேன். நாடி ஒரு துடிப்பு விட்டு விட்டு வந்துச்சு. ஒவ்வொரு தடவை அது விடும்போதும் நான் மூச்சு விடல. அந்தப் பயத்துக்கு முன்னாடி இன்டர்வியூ பயம் எல்லாம் தூசி. ஆஸ்பத்திரியில சேத்தோம், அடைப்பை எடுத்துட்டாங்க, ஆள் பிழைச்சுக்கிட்டார். ஆனா என்னால மறக்க முடியாதது, ஆம்புலன்ஸ் கதவை மூடப் போற நேரம் அவர் ஆக்சிஜன் மாஸ்க்கைத் தூக்கிட்டு என்னைக் கேட்டது:

"டாக்டர், புள்ளைக்கு மருந்து எழுதிட்டீங்களா?"

பக்கத்து நாற்காலி

செம்பூர் ஆஸ்பத்திரி. ஏ.சி. கல்யாணத்துக்குப் பிறகு கட்டாத டை. வெயிட்டிங் ரூம்ல என் பொண்ணு வயசுல ஏழெட்டு டாக்டருங்க, எல்லாரும் மொபைல்ல ஏதோ புரட்டிக்கிட்டு இருக்காங்க. திடீர்னு ஒரு பொண்ணு எழுந்து நின்னு, "அங்கிள்!"னா. ரூபா. தாராவியில எங்க கல்லி முனையில இருந்த பொண்ணு. ஒவ்வொரு பரீட்சைக்கும் வயித்து வலின்னு அவ அம்மா தூக்கிட்டு வருவாங்க. நான் குளுக்கோஸ் தண்ணி கொடுத்து அனுப்புவேன். இப்ப டாக்டர் ரூபா, எம்.டி. "அங்கிள், கேள்வி கேக்குறது நீங்களா? ப்ளீஸ், கஷ்டமா கேக்காதீங்க"ன்னு கெஞ்சுறா. நானும் உன்னை மாதிரி வரிசையில நிக்கிறவன்தான்னு சொன்னதும் அவ முகம் போன போக்கைப் பாக்கணும். இருக்கிறதோ ஒரே ஒரு வேலை.

கொஞ்ச நேரத்துல அவ வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வளைய ஆரம்பிச்சா. எனக்குத் தெரியாதா? சும்மா இருந்திருக்கலாம். என் வேலைக்குப் போட்டி, வளையட்டுமேன்னு விட்டிருக்கலாம். கை கேக்கல. தண்ணி வாங்கிக் கொடுத்து, மெதுவா மூச்சு விடச் சொல்லி, என் காலேஜ் வாத்தியாருங்க ரெண்டு பேர் மாதிரிப் பேசிக் காட்டிச் சிரிக்க வச்சு உள்ள அனுப்பினேன். திரும்பி வரும்போது முகம் பல்பு போட்ட மாதிரி இருந்துச்சு. நல்லாப் பண்ணிட்டான்னு பாத்ததும் புரிஞ்சு போச்சு. உடனே என் பேரைக் கூப்பிட்டாங்க. எழுந்து, வெளியே போற கதவுப் பக்கமா நடந்தேன். ரூபா என் டையை நேரா இழுத்து விட்டா.

"பயப்படாதீங்க அங்கிள், எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

எறும்பு இல்ல

மூணு பேர். நடுவுல பெரிய மீசை வச்ச சீனியர் டாக்டர், கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி ஒரு குரல். இந்தப் பக்கம் ஒரு அம்மா, கத்திரிக்கோல் மாதிரி வெட்டி வெட்டிப் பேசுறாங்க. அந்தப் பக்கம் ஹெச்.ஆர். மீசை முதல் கேள்வியைக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். என் வாய்லேருந்து அவர் வர்றார். அதே கிணறு, அதே இழுவை. தடுக்கணும்னு பாக்குறேன், முடியல. அந்த அம்மா கேட்டாங்க, அவங்களுக்கு அவங்களாவே பதில் சொன்னேன். ஹெச்.ஆர். தலையைக் குனிஞ்சுக்கிட்டார், தோள் குலுங்குது. மீசை சாய்ஞ்சு உக்காந்து, "டாக்டர், என்னைக் கிண்டல் பண்றீங்களா?"ன்னார். "இல்ல சார்"னேன், அவர் குரல்லயே. உல்லாஸ்நகர் கடையோட ஷட்டர் தூக்குற சத்தம் எனக்குக் காதுல கேட்டுச்சு.

அந்த அம்மா மட்டும் சிரிக்காம, கோவப்படாம இன்னொரு கேள்வி கேட்டாங்க: "ஒரே குடும்பத்துல அழுற குழந்தை, அதோட அம்மா, கூட வந்த இன்னொருத்தர். மூணு பேரும் ஒண்ணா ரூமுக்குள்ள வர்றாங்க. யாரை முதல்ல பாப்பீங்க?" எனக்கு அந்த ரூம் மறைஞ்சு போச்சு. நிலைப்படியில சாய்ஞ்ச அந்த நனைஞ்ச சட்டைதான் கண்ணுல நிக்குது. "அழுற குழந்தைக்கு மூச்சு இருக்கு மேடம், அது காத்திருக்கும்"னேன். "சத்தம் போடாதவங்களைத்தான் முதல்ல பாப்பேன். அது பெரியவங்களா இருந்தாலும் சரி, குழந்தையா இருந்தாலும் சரி. 'எனக்கு ஒண்ணுமில்ல'ன்னு யார் சொல்றாங்களோ அவங்க கையைப் பிடிப்பேன். எனக்குப் பயமா இருக்கும். பயந்துக்கிட்டேதான் பாப்பேன்." மீசை மேஜை மேல முன்னாடி சாய்ஞ்சார்.

"டாக்டர், இப்பப் பேசினீங்களே, அதுதான் உங்க சொந்தக் குரலா?"

காலை ட்யூட்டி

ஒரு வாரம் போன் அடிக்கும்போதெல்லாம் செத்துப் பிழைச்சேன். பாதி நேரம் லோன் வேணுமான்னு கேக்குறவங்க. கடைசியில ஆஸ்பத்திரிக்காரங்க கூப்பிட்டாங்க. ஒரு வேலையை ரெண்டாப் பிரிச்சுட்டாங்களாம்: காலையில நான், சாயங்காலம் டாக்டர் ரூபா. கிளினிக்கைக் காலி பண்ணின அன்னிக்கு எஸ்தர் அக்கா டோம்பிவிலியில மகன் வீட்டுக்குப் போயிட்டாங்க, போகும்போது என் சட்டைப் பையில ஒரு சாக்லேட் வச்சுட்டுப் போனாங்க, ஊசி போட்ட குழந்தைக்கு வைப்பாங்களே, அது.

முதல் நாள் காலையில, புது ரூம், புது நாற்காலி. முதல் டோக்கன் ஒரு அம்மா, இருமுற குழந்தையோட, முழு ஃபைலோட வந்தாங்க. என்னை மேலேருந்து கீழ பாத்தாங்க. எங்க படிச்சீங்கன்னாங்க, எத்தனை வருஷ அனுபவம்னாங்க, நான் எழுதின மருந்தை என் எதிர்லயே மொபைல்ல தேடிப் பாத்தாங்க. எனக்கு உள்ளங்கை வேர்க்க ஆரம்பிச்சுது. சீட்டை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு எழுந்து, வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாங்க.

"மருந்து நல்லாத்தான் இருக்கும் டாக்டர், எதுக்கும் சாயங்காலம் வர்ற டாக்டரம்மாகிட்ட ஒரு தடவை காட்டிட்டுக் கொடுக்குறேனே?"

அன்னிக்கு அந்த மூணு பேரோட என் இன்டர்வியூ முடிஞ்சு போச்சுன்னு நெனச்சுத்தான் நிம்மதியா வேலையில சேந்தேன், இப்பதான் தெரியுது, மிச்சப் பேர் டோக்கன் வாங்கிக்கிட்டு வெளியில உக்காந்திருக்காங்க.